வில்லிசையில் வழியும் படையும்: தாமிரபரணிப் பகுதியின் நெடுங்கதை மரபு

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் ஊர்க்கோயில் கொடைகளில் இரவு முழுவதும், சில ஊர்களில் இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்து, ஒரு கதையைப் பாட்டும் உரையுமாக நடத்திச் செல்லும் கலை வில்லுப்பாட்டு. இக்கதைகளில் கயிலாயம் முதல் ஊர்ச் சுடுகாடு வரை நீளும் பயணங்கள் உண்டு. கோட்டை முற்றுகைகளும் படைத்திரட்டல்களும் உண்டு. தெய்வங்கள், பேய்கள், மன்னர்கள், மந்திரவாதிகள், மாடு மேய்ப்பவர்கள் எனப் பலர் வாழும் ஒரு முழு உலகமும் உண்டு. வரைபடமோ காட்சித் திரையோ இல்லாமல், இத்தனையையும் ஒரு புலவரும் அவருடைய குழுவினரும் கேட்போரின் மனத்தில் நிறுத்துகிறார்கள். அவ்வளவு நீண்ட கதை எவ்வாறு கட்டுக்குலையாமல் நடத்தப்பட்டது, அதில் வழிக்கும் படைக்கும் என்ன இடம், இன்று அதற்கு என்ன நேர்கிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கொடையும் கதையும்

கொடை என்பது ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழா. அம்மன் கோயில்களில் செவ்வாய்க்கிழமையை ஒட்டியும், சுடலைமாடன் முதலிய தெய்வங்களின் கோயில்களில் வெள்ளிக்கிழமையை ஒட்டியும் நடப்பது பெருவழக்கு. முதல் நாள் இரவு குடியழைப்பு. மறுநாள் உச்சிப்பொழுதில் மதியக்கொடை. அன்று நள்ளிரவில் சாமக்கொடை. அதற்கு அடுத்த நாள் விழா நிறைவு பெறும். இந்தச் சடங்குகளுக்கு இடைப்பட்ட பொழுதுகளை நிரப்புவது வில்லுப்பாட்டும், திருநெல்வேலிப் பகுதியின் பல ஊர்களில் மகுடம் என்னும் தோற்கருவியோடு நிகழும் கணியான் கூத்தும் ஆகும்.

வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவரைப் புலவர் என்றும் அண்ணாவி என்றும் அழைப்பர். மணிகள் கட்டிய நீண்ட வில்லை வீசுகோல்களால் தட்டிப் பாடுபவர் அவரே. வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தைப் பத்தியால் அடிப்பவர் ஒருவர். உடுக்கு, தாளம், கட்டை ஆகியவற்றை இசைப்போர் மற்றவர். குழுவினர் வலத்தே பாடுவோர், இடத்தே பாடுவோர் என இருபுறமும் பிரிந்து அமர்வர். புலவர் பாடியதை ஏற்றுப் பாடுவதும், ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துவதும், கேட்போர் மனத்தில் எழக்கூடிய கேள்வியைத் தாமே கேட்பதும் அவர்கள் பணி. அந்த ஊரில் என்ன நடந்தது, அடுத்து எங்கே போனான் என்று ஒருவர் கேட்க, அதற்கு விடையாகக் கதை அடுத்த கட்டத்துக்குச் செல்லும்.

புலவருக்குப் பெரிய பொறுப்பு காலக்கணக்கு. எந்தத் தெய்வத்துக்குக் கொடையோ அந்தத் தெய்வத்தின் பிறப்போ இறப்போ நிகழும் பகுதி, சாமக்கொடை போன்ற முக்கியப் பூசை வேளையோடு ஒத்து வர வேண்டும். பூசைக்கு நேரமானால் வருணனையைச் சுருக்குவார். படையல் தயாராகவில்லை என்றால் ஒரு காட்டுவழியை விரிப்பார். இவ்வாறு நீட்டவும் குறைக்கவும் இடம் தரும் பகுதிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று பயணம், மற்றொன்று படையெழுச்சி. கதையின் நிகழ்ச்சி வரிசை மாறாமல் நிற்க, இவ்விரண்டும் இழுத்த இழுப்புக்கு வரும். இதனால் இவை வெறும் இட்டுநிரப்பல்கள் என்று தோன்றலாம். கதை நடக்கும் நாடு முழுவதும் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

நாட்டுவளம்

வில்லுப்பாட்டுக்கு மரபான ஓர் அமைப்பு உண்டு. முதலில் காப்பு, அடுத்து வருபொருள் உரைத்தல், பின்னர் குருவடி பாடுதல், அவையடக்கம், அதன்பின் நாட்டுவளம், பிறகே கதைக்கூறு, இறுதியில் வாழி பாடுதல். எந்தப் பாத்திரமும் நடமாடத் தொடங்கும் முன் அது நடமாடப் போகும் நாடு பாடப்பட்டுவிடுகிறது என்பது இவ்வமைப்பில் கவனிக்கத்தக்கது.

நாட்டுவளம் பாடுவது தமிழ்க் காப்பியங்களிலும் பழைய வழக்கம். வில்லுப்பாட்டுப் புலவர் அதை எடுத்துக்கொண்டு தம் ஊருக்கு ஏற்பப் பயன்படுத்தினார். மழை எங்கே பெய்கிறது, ஆறு எந்த மலையில் தோன்றுகிறது, எந்தக் காலில் நீர் பிரிகிறது, எந்தக் குளம் நிறைகிறது, எங்கே நெல், எங்கே பனை, எங்கே உப்பு என்று நாடு விரியும். பொதிகை மலையில் தோன்றிப் பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். மலைக்காடு, வயல், தேரி மணல், கடற்கரை ஆகிய நால்வகை நிலங்களையும் இந்தச் சிறிய தொலைவுக்குள் பார்த்துவிடலாம். கதை சொல்பவருக்கு இது பெரிய வசதி. பாத்திரம் மலையிலிருந்து இறங்கினால் உணவும் உடையும் பேச்சும் மாறும் என்பதை அவர் விளக்க வேண்டியதில்லை, கேட்போர் அறிவர்.

கற்பனையான உலகமும் இந்த அறிந்த நிலத்தின்மேல்தான் கட்டப்பட்டது. சுடலைமாடன் கதை கயிலாயத்தில் தொடங்குகிறது. பார்வதியின் வேண்டுதலால் விளக்குச் சுடரிலிருந்து பிறந்த பிள்ளை, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றதால் பூலோகத்துக்கு அனுப்பப்படுகிறது. மலையாள நாட்டில் காளிப்புலையன் என்னும் மந்திரவாதியோடு மோதல், பின்னர் தென்பாண்டி ஊர்கள் என்று கதை படிப்படியாகக் கேட்போரின் ஊரை நெருங்குகிறது. எட்டாத இடத்தில் தொடங்கிய கதை, அவர்கள் உட்கார்ந்திருக்கும் கோயில் முற்றத்தில் வந்து சேர்கிறது.

இறுதிப் பகுதி ஊருக்கு ஊர் மாறும். ஒரு கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று வேறோர் ஊரில் அதே தெய்வத்துக்குப் பீடம் எழுப்புவது இப்பகுதி வழக்கம். சீவலப்பேரி, ஆறுமுகமங்கலம், சிறுமளஞ்சி போன்ற ஊர்களின் சுடலைமாடன் கோயில்கள் பெயர்பெற்றவை. பிடிமண் சென்ற ஊர்களில், தெய்வம் யாரோடு, எந்த வழியில், என்ன காரணத்தால் வந்தது என்னும் தனிக்கதை பொதுக்கதையின் வாலாகச் சேரும். ஒரே கதை உலகம் நூற்றுக்கணக்கான கிளைகளாக வளர்ந்தது இப்படித்தான்.

வழிநடை

தமிழில் பயணத்துக்கென்றே தனிப்பாடல் வகைகள் உண்டு. நடந்து செல்வோர் வழியிலுள்ள ஊர்களையும் காட்சிகளையும் பாடிச் செல்வது வழிநடைச் சிந்து. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து, ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்ற நடைப்பயணத்தோடு தொடர்புடையது. நடையின் அலுப்பைப் பாட்டு குறைக்கும். பாட்டின் வழியே பாதையும் மனத்தில் பதியும். கதைப்பாடல்களில் வரும் பயணப் பகுதிகள் இந்த மரபின் உறவினர்கள். ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வோர் ஊரிலும் ஓர் அடையாளம் சொல்லப்படும். ஒரு சத்திரத்திலோ ஆற்றுத் துறையிலோ பாத்திரம் தங்கும். தங்கிய இடத்தில் கதை திரும்பும்.

முத்துப்பட்டன் கதை இதற்கு நல்ல சான்று. பிராமணக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன் வீட்டைவிட்டுப் பிரிந்து வேற்றூரில் சேவகம் பார்த்தவன். திரும்பும் வழியில் பொதிகை மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகளைக் காண்கிறான். அவர்கள் செருப்புத் தைக்கும் தொழில் செய்யும் வாலப்பகடையின் மக்கள். அவர்களை மணக்க விரும்பியவன், தந்தை வைத்த நிபந்தனையை ஏற்றுப் பூணூலையும் குடுமியையும் துறந்து, செருப்புத் தைக்கவும் முன்வருகிறான். மணம் முடிந்தபின் மாடுகளைக் கவர வந்தோருடன் போரிட்டு மடிகிறான். மனைவியர் இருவரும் அவனோடு தீப்பாய்கின்றனர். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்னும் பெயரில் அவனுக்கு வழிபாடு உண்டு. ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் மக்கள் அவனுக்குக் காணிக்கையாகச் செருப்புக் கட்டுவது இன்றும் காணும் வழக்கம்.

இக்கதையில் வழி என்பது இடமாற்றம் மட்டும் அன்று. ஊர் இருக்கும்வரை சாதி இருக்கிறது. காட்டுவழியில் அதன் பிடி தளர்கிறது. ஒருவன் தன் குலத்தை விட்டு வெளியேறுவதை நம்பும்படி சொல்வதற்கு, அவன் ஊரைவிட்டு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறான் என்பதைக் கேட்போர் உணர வேண்டும். பயணப் பகுதியைச் சுருக்கிவிட்டால் முத்துப்பட்டன் அவசரத்தில் முடிவெடுத்த இளைஞனாகத் தோன்றுவான். முழுமையாகப் பாடினால் அவன் படிப்படியாக வேறொருவனாக மாறுவது தெரியும்.

வரலாற்று நிகழ்ச்சியைப் பாடும் கதைகளிலும் வழி இதே வேலையைச் செய்கிறது. 1798இல் வீரபாண்டியக் கட்டபொம்மனைத் தம்மை வந்து சந்திக்குமாறு கலெக்டர் ஜாக்சன் ஆணையிட்டார். கட்டபொம்மன் வந்தபோது குற்றாலத்திலும் சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய ஊர்களிலும் சந்திக்க மறுத்து, தம் பின்னாலேயே அலைய விட்டார். கடைசியில் செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்து கைகலப்பில் முடிந்தது. ஏறத்தாழ 23 நாளில் 400 மைல் அலைச்சல் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து இராமநாதபுரத்துக்கு நேர்வழி அதில் கால்பங்குக்கும் குறைவு. ஆவணத்தில் இச்செய்தி ஓரிரு வாக்கியங்களில் முடிந்துவிடும். கதைப்பாடல் ஊர் ஊராகச் சொல்லும்போது, ஒவ்வோர் ஊரிலும் காத்திருந்து திரும்பிய அவமானம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. இராமநாதபுரத்தில் வாள் உருவப்பட்டது ஏன் என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாமல் போகிறது.

படை

படையைப் பாடும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஓலை வருகிறது, அரசன் வெகுளுகிறான், முரசு அறையப்படுகிறது, பாளையம் பாளையமாக, ஊர் ஊராக, குலம் குலமாகப் படை வந்து சேர்கிறது, அவரவர் ஆயுதம் சொல்லப்படுகிறது. வாள், ஈட்டி, வல்லயம், வளரி, கவண் என்று தொடங்கும் பட்டியல் பிற்காலக் கதைகளில் துப்பாக்கி, பீரங்கி வரை வரும். பின்னர் தீய நிமித்தங்கள், தாயோ மனைவியோ தடுத்தல், மீறிப் புறப்படுதல், போர்.

வள்ளியூரைத் தலைநகராகக் கொண்ட பாண்டியச் சகோதரர் ஐவருக்கும் கன்னடியன் எனப்படும் வடபுலத்து அரசனுக்கும் நடந்த போரைச் சொல்வது ஐவர் ராசாக்கள் கதை. யூசுப் கான் என்னும் கான்சாகிபு மதுரையில் முற்றுகையிடப்பட்டு 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டதைப் பாடுவது கான்சாகிபு சண்டை. கட்டபொம்மனைப் பற்றிக் கதைப்பாடல், கும்மி, கூத்து எனப் பல வடிவங்கள் உள்ளன. இவற்றில் வரும் படை எண்ணிக்கைகளை அப்படியே வரலாற்றுக் கணக்காகக் கொள்ளக் கூடாது. பத்தாயிரம் என்பதும் லட்சம் என்பதும் ஓசைக்கும் மிகுதிக்கும் வந்தவை.

ஆயினும் பட்டியலில் வேறொரு செய்தி இருக்கிறது. அரசாங்க ஆவணம் படைத் தலைவனின் பெயரைக் கூறி, மற்றவரை எண்ணிக்கையாக்கி விடுகிறது. கதைப்பாடல் எந்த ஊரார், எந்தக் குலத்தார், எந்த ஆயுதத்தோடு வந்தனர் என்று கூறுகிறது. கேட்போர் நடுவே அந்த ஊராரும் அந்தக் குலத்தாரும் அமர்ந்திருப்பார்கள். தம் முன்னோரின் பெயர் வரும் இடத்துக்காக அவர்கள் விழித்திருப்பார்கள். பட்டியல் நீண்டாலும் சலிக்காததற்கு இதுவே காரணம். ஒரு போரில் தமக்கும் பங்கு உண்டு என்பதை எழுத்தறியாத குடும்பங்கள் தலைமுறைகளாக நினைவில் வைத்திருந்தது இப்படியே.

கதையும் ஆவணமும் ஒன்றையொன்று தொடும் இடங்களும் உண்டு. 1799 செப்டம்பரில் பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பிச் சென்றான். தொலைவு சுமார் 30 மைல். ஒரு வாரத்துக்குள் இடிக்கப்பட்ட கோட்டையின் மண்சுவர் மீண்டும் எழுந்திருந்ததை ஆங்கிலப் படை கண்டு திகைத்தது. மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலைக் கோட்டையிலிருந்தோர் முறியடித்தனர்; மே 24 அன்றுதான் கோட்டை வீழ்ந்தது. காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையை ஊர்ப்பெண்கள் எடுத்துச் சென்று, தேடி வந்த வீரர்களிடம் அம்மை கண்டிருக்கிறது என்று கூறிக் காத்த செய்தியை எழுதி வைத்தவர், அப்போரில் எதிர்த்தரப்பில் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். இப்படிப்பட்ட செய்திகள் உண்மையில் நிகழ்ந்த நாட்டில், கதைப்பாடலை முழுப் புனைவென்று ஒதுக்குவதும் முழு வரலாறென்று ஏற்பதும் ஒருசேரத் தவறாகும்.

கோயில் முற்றமே களம்

கேட்போருக்கு வரைபடம் தரப்படவில்லை என்று மேலே சொல்லப்பட்டது. உண்மையில் அவர்கள் கண்முன் ஒன்று இருக்கிறது. அது கோயில் வளாகம். சொரிமுத்து அய்யனார் கோயிலை எடுத்துக்கொண்டால் அய்யனார், சங்கிலிபூதத்தார், பிரம்மராட்சசி, தளவாய்மாடன், தூசிமாடன், பட்டவராயன் எனப் பல தெய்வங்களுக்கு அங்கே இடம் உண்டு. தளவாய் என்பது படைத்தலைவனைக் குறிக்கும் நாயக்கர் காலச் சொல். ஒரு படையின் பதவிப்பெயர் தெய்வத்தின் பெயராக நிலைத்துவிட்டது. சிறிய கோயில்களிலும் திசைக்கொன்றாக மண்பீடங்கள் நிற்கும். யார் யாரைப் பார்த்து நிற்கிறார், யார் காவல், யார் மேலாண்மை என்பது அந்த அமைப்பிலேயே தெரியும். கதையில் பெயர் வரும்போது கேட்போரின் பார்வை அந்தப் பீடத்துக்குச் செல்லும்.

கதையின் உச்சத்தில், கேட்பவர் என்ற நிலையிலிருந்து சிலர் கதைக்குள்ளேயே போய்விடுகின்றனர். தெய்வத்தின் பிறப்போ மரணமோ பாடப்படும்போது அத்தெய்வத்துக்குரிய கோமரத்தாடிக்கு அருள் வருகிறது. சுடலைமாடன் கொடையில் நள்ளிரவில் அவர் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகிறார். பாட்டில் நடந்த பயணம் அப்போது நிலத்தில் நடக்கிறது. ஆகவே புலவர் கதையை விருப்பப்படி முடிக்க முடியாது. பட்டவராயன் பிழைத்துக்கொண்டான் என்று பாடினால் அந்தப் பீடத்துக்குப் பொருளில்லை. வழியை நீட்டலாம், படையைப் பெருக்கலாம், நகைச்சுவை சேர்க்கலாம். முடிவில் கை வைக்க அனுமதி இல்லை.

மேசைமேல் நடக்கும் நெடும்பயணங்கள்

இந்த மரபைப் பிற நாடுகளின் கற்பனை விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் அதன் இயல்பு மேலும் விளங்கும். யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் இந்தியாவில் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும், நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் பரப்பில் படைகளை நகர்த்திப் பழகும் போர் விளையாட்டை உருவாக்கினர். மகனின் விதிநூல் 1824இல் வெளிவந்தது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போருக்கு விதி எழுதினார்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த விளையாட்டுகளின் போக்கை மாற்றியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாகி முடிவெடுப்பர். ஐயம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். ஒரு கதை மாதக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கும். எத்தனை நாள் நடை, எவ்வளவு உணவு, படைக்கு யார் சம்பளம் தருவது என்ற கணக்குகளெல்லாம் அதில் வரும். 1975இல் வெளிவந்த எம்பையர் ஆஃப் தி பெட்டல் த்ரோன் என்னும் விளையாட்டை உருவாக்கிய எம். ஏ. ஆர். பார்க்கர், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த அறிஞர். தாம் படைத்த டெக்குமெல் என்னும் உலகத்துக்கென மொழிகளையே அவர் உருவாக்கினார்.

இரண்டிலும் கதை நடத்துபவர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றே. கூடியிருப்போர் கண்ணால் காணாத நாட்டை நம்ப வேண்டும். இரவு கடந்தும் ஆர்வம் குன்றக் கூடாது. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர வேண்டும். வேறுபாடுகள் இரண்டு. மேசை விளையாட்டில் உலகம் புதிது, முடிவு திறந்தது. அதனால் அங்கே வரைபடமும் விதிநூலும் தேவைப்படுகின்றன. வில்லுப்பாட்டில் உலகம் பழகியது, முடிவு தெரிந்தது. அதனால் கேட்போரின் காலடி அனுபவமே வரைபடமாகிறது. இந்த வேறுபாடே வில்லுப்பாட்டின் வலிமை. கேட்போருக்கு நிலம் பழக்கமற்றுப் போகும் நாளில் அதுவே அதன் நலிவாகவும் ஆகும்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

வில்லுப்பாட்டுக் கதைகள் ஓலையிலும் பின்னர் கையெழுத்துச் சுவடிகளிலும் புலவர் குடும்பங்களிடம் இருந்தன. அவற்றை ஆய்வுக்குரியனவாக மாற்றியதில் நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலைக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் 1967இல் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கினார்; 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். கட்டபொம்மு கதைப்பாடல், முத்துப்பட்டன் கதை, கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை முதலியவை அவர் பதிப்பில் 1971 முதல் 1974 வரை மதுரைப் பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் வில்லுப்பாட்டுக் கதைகளைப் பிறப்புக்கதை, இறப்புக்கதை என்று பகுத்து, அவை நிகழும் சூழலோடு சேர்த்து விளக்கினார். நாஞ்சில் நாட்டுக் கதைகளை அ. கா. பெருமாள் விரிவாகத் தொகுத்துள்ளார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியும் நாட்டார் வழக்காற்றியலைத் தனித்துறையாக வளர்த்தது.

பதிப்புப் பணியின் தேவையை முத்துப்பட்டன் கதையே உணர்த்தும். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று கூறும் பாடமும் உண்டு. இது பிற்காலத்து மாற்றம் என்று வானமாமலை எடுத்துக்காட்டினார். முடிவை மாற்ற முடியாதவர்கள் தொடக்கத்தை மாற்றியிருக்கிறார்கள். இந்த ஒரு மாற்றத்தால் ஒருவன் தன் குலத்தைத் துறந்த கதை, குலம் கெடாமல் மணந்த கதையாகிவிடுகிறது. பல பாடங்களைத் திரட்டி ஒப்பிட்டதால்தான் இது வெளிப்பட்டது.

சுருங்கும் கதை

வில்லுப்பாட்டு அழிந்துவிடவில்லை. சத்திரப்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் காந்தியடிகள் கதை போன்ற புதுப்பொருள்களை வில்லில் ஏற்றி, மேடைக்கும் வானொலிக்கும் கொண்டு சென்றார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்தார். ஆண்களே மிகுதியாக இருந்த கலையில் பூங்கனி போன்ற பெண் புலவர்கள் கோயில் கொடைகளில் பல ஆண்டுகள் வில்லடித்தனர். பூங்கனி 2018இல் மறைந்தார். இன்றும் கொடைக்காலத்தில் இப்பகுதிக் குழுக்களுக்கு அழைப்பு இருக்கிறது.

மாறியிருப்பது நேரம். ஒரே இரவில் வில்லிசை, கரகாட்டம், மெல்லிசை அனைத்தும் நடக்க வேண்டிய கொடைகளில் வில்லுக்குச் சில மணி நேரமே கிடைக்கிறது. அப்போது புலவர் எதைக் குறைப்பார்? பிறப்பையும் இறப்பையும் விட முடியாது; அவை பூசையோடு கட்டுண்டவை. மணமும் சண்டையும் சுவை தருவன, அவையும் நிற்கும். நீட்டவும் சுருக்கவும் இடம் கொடுத்து வந்த வழியும் படையும்தான் முதலில் வெட்டுப்படும். கதையைக் கேட்டவருக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. ஆனால் எந்தத் துறையில் இறங்கினான், எந்தக் காலைத் தாண்டினான், எந்த ஊரார் வல்லயத்தோடு வந்தனர் என்பவை அந்த இரவோடு பாடப்படாத பகுதியாகிவிடுகின்றன. ஒரு புலவர் பாடாமல் விட்டதை அவருடைய மாணவர் கற்பதில்லை.

நாற்கரச் சாலையில் வண்டியில் செல்லும் தலைமுறைக்குப் பழைய நடைவழிகள் தெரியாது. பல துறைகளுக்கு இன்று பெயர் சொல்வார் இல்லை. சில குளங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. அப்பெயர்கள் எழுத்தில் இல்லாத இடங்களில், கதையின் பயணப் பகுதியே அவற்றைக் காத்து வைத்திருக்கும் ஏடு.

இதனால் கதைப்பாடல்களைச் சேகரிக்கும் மாணவர்கள் மூன்று செயல்களைக் கடைப்பிடிக்கலாம். முதலாவது, கொடையில் பாடியதை மட்டும் பதிவு செய்து நிறுத்தாமல், முன்பு பாடி இப்போது விட்ட பகுதிகளைப் புலவரிடம் தனியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, கதையில் வரும் ஊர், துறை, குளம், பாறை ஆகியவற்றின் பெயர்களை வரிசை மாறாமல் எழுதி, இன்றைய வரைபடத்தில் குறித்துப் பார்க்க வேண்டும். வரிசை நிலத்தோடு பொருந்தினால் அது ஒருகாலத்தில் மக்கள் நடந்த பாதையாக இருக்கலாம்; பொருந்தாவிட்டால் அந்தப் பகுதி வேறு கதையிலிருந்து வந்து ஒட்டியதா என்று ஆராயலாம். மூன்றாவது, படைப்பட்டியலில் வரும் ஊராரிடமும் குலத்தாரிடமும் சென்று அவர்கள் வீட்டில் வழங்கும் செய்தியைக் கேட்க வேண்டும்.

இம்மூன்றுக்கும் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு கைபேசி, ஒரு குறிப்பேடு, நடக்கக் கால்கள் போதும். முழு இரவுக் கதையை மனப்பாடமாக அறிந்த மூத்த புலவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அடுத்த கொடைக்காலம் வருவதற்குள் அவர்களிடம் சென்று வழியையும் படையையும் கேட்டு எழுதிவிடுவது நல்லது.